மழைக்குப் போட்ட கழிவு

என் கையெழுத்தை முன்பின் பார்த்திராதவர்களுக்கு இந்தத் தாள்கள் சிரமம் கொடுக்கும். எழுத்துகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கும். பெரிய றகரம் எங்கே வரும், சின்ன ரகரம் எங்கே வரும் என்பது எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதன் பிறகு நான் எழுதியது பெரும்பாலும் என் பெயரைத்தான். பிழைகளைப் பென்சிலால் திருத்தித் தருவதாக எங்கள் விஞ்ஞான டீச்சர் சொல்லியிருக்கிறார். அவர் கண்ணுக்கும் தப்பியவற்றை நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பசறை, லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடங்களில் கணினி அறையைப் பார்த்துக்கொள்ளப் புதிதாக வந்திருக்கிறீர்கள். நான் அந்த வேலையில் இருந்தவன். கண் பார்வை மங்கிப்போனதால் சென்ற தவணையோடு நின்றுவிட்டேன். உங்களிடம் பேசச் சொல்லி டீச்சர் அழைத்தார். கூட்டத்தில் நின்று பேச எனக்கு வராது, எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பினேன். எழுதுவதும் லேசாக இல்லை.

தூசி தட்டுவது, இடி முழங்கும் முன் பிளக்கைக் கழற்றுவது, கணினிகளுக்குத் துணி போர்த்துவது எல்லாம் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். அதைப் பற்றி எழுதவில்லை. ஒரு காலைப் பொழுதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் டீச்சர் பதுளை டவுனில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பெண். தினமும் பஸ்ஸில் வந்து போவார். ஒரே வேலையில் பல பாடங்களையும் படிக்கலாம் என்று அவர் ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு மழைத் திட்டம் கொண்டுவந்தார். பிளாஸ்டிக் போத்தலை வெட்டி, கோடு போட்டு, மழைமானி செய்வது விஞ்ஞானம். அளவைக் கூட்டி வகுத்து வரைபு போடுவது கணிதம். இணையத்தில் இருக்கும் வரைபடத்தில் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களையும் ஓடைகளையும் குறிப்பது புவியியல். மலை சரிவதற்கு முன் என்னென்ன தெரியும் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதிச் சுவரொட்டி செய்வது தமிழ். எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு கூட்டு அட்டவணை இருந்தது. அது இணையத்தில் இருப்பது. வகுப்பில் எந்தப் பிள்ளையும் எந்த போனிலிருந்தும் அதில் எழுதலாம். ஒருவர் எழுதுவது அந்த நொடியே மற்றவர்களுக்கும் தெரியும்.

முதல் நாள் ஒருவன் எழுதியதை இன்னொருவன் அழித்து, அறையே சண்டைக்களமாகிவிட்டது. டீச்சர் அதட்டவில்லை. அழிந்ததை மீட்டுக் காட்டிவிட்டு, "இது பொதுக் குழாய் மாதிரி. வரிசையில நின்னு பிடிங்க" என்றார். அன்றிலிருந்து சண்டை குறைந்தது.

தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவிலும் ஒரு போத்தல் இருந்தது. அந்தப் பிரிவுப் பிள்ளை காலையில் அளவைப் பார்த்து, வீட்டு போனிலிருந்து அட்டவணையில் போட வேண்டும். மழை கூடினால் கட்டம் பச்சையிலிருந்து மஞ்சளாகும். ஆபத்து அளவைத் தாண்டினால் சிவப்பாகும். அப்படி நிறம் மாறுவதற்கு டீச்சர் ஏற்பாடு செய்திருந்தார். கீழே உள்ள பிரிவுகளுக்கு அவரே போய்ப் போத்தல் வைத்து, பார்க்கும் விதத்தைக் காட்டிக் கொடுத்தார். மேற்கணக்கு என்று நாங்கள் சொல்லும் மேல் பிரிவுக்குப் பாதை செங்குத்து. அங்கே போக முடியாமல், செய்முறையை வீடியோவாக எடுத்து அனுப்பினார். மேற்கணக்குப் போத்தல் தர்சினி என்ற பிள்ளையின் பொறுப்பு. அவள் அம்மா கொழுந்து பறிப்பவர். கைக்குழந்தையான தம்பியை, அம்மா மலைக்குப் போகும்போது பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுப் போவார். வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைத் தோட்டத்தில் பார்த்துக்கொள்ளும் அறை அது. லயத்துக்குப் பின்னால், மலையை ஒட்டி இருந்தது.

அந்த வாரம் மழை விடவே இல்லை. அந்த வாரத்தில்தான் பண்டாரவளையில் உள்ள ஒரு பள்ளிக்கூடத்தோடு இணையவழிக் கூட்டம் வைத்திருந்தார்கள். அவர்கள் தங்கள் மரக்கறித் தோட்டத் திட்டத்தைக் காட்டுவார்கள், நாங்கள் எங்கள் மழைத் திட்டத்தைக் காட்டுவோம். வலயக் கல்விப் பணிமனையிலிருந்து ஒரு அதிகாரியும் திரையில் சேர்ந்திருந்தார். மூன்று தவணையாக டீச்சர் இதற்காக அலைந்திருந்தார். நன்றாக நடந்தால் எங்களுக்கு ஒரு சொந்த இணைய இணைப்புக் கிடைக்கும் என்று பேச்சு.

அதுவரை எங்கள் இணையம் டீச்சரின் போன்தான். அறையில் ஒரு ஜன்னல் மூலையில் மட்டும் சிக்னல் நிற்கும். அந்த மூலையில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. அந்தப் பக்கத்துச் சிக்னலின் குணம், போனில் ஒரு அழைப்பு எடுத்தால் இணையம் அறுந்துவிடும். மறுபடி பிடிக்க நேரமாகும். ஆகவே கூட்டம் முடியும்வரை யாருக்கும் அழைப்பு எடுக்கக்கூடாது என்று டீச்சர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

கூட்டம் நன்றாகத்தான் தொடங்கியது. சுவரில் அட்டவணை பெரிதாகத் தெரிந்தது. கீழ்ப் பிரிவுகளின் கட்டங்கள் இரண்டு சிவந்திருந்தன. அவை சமதரையில் இருக்கும் லயங்கள். மேற்கணக்கு மஞ்சளாக இருந்தது. அதைப் பார்த்து எங்கள் பள்ளிக்கூட அதிபர் என் பக்கம் திரும்பி, "மேல அவ்வளவு இல்ல போல, நல்லது" என்றார். நானும் அப்படியே நினைத்தேன்.

தர்சினி எழுந்து தன் போத்தலைப் பற்றிச் சொன்னாள். பண்டாரவளைப் பக்கத்திலிருந்து ஒரு பையன் கேட்டான். "அக்கா, அளவை எப்படிப் பார்ப்பீங்க?"

"ஸ்கூலுக்கு வர முன்ன பார்ப்பேன். கண்ணுக்கு நேரா கோட்டப் பார்த்து, கழிவு போக மிச்சத்த எழுதுவேன்."

எங்கள் பிள்ளைகளில் ஒருவர்கூட அசையவில்லை. எனக்கும் அது காதில் உறுத்தவில்லை. அந்தப் பையன்தான் விடாமல் கேட்டான். "கழிவா? அது என்ன?"

"ஈரக் கழிவு. மழை நாள்ல போடுறது."

"டவுன்காரனுக்குக் கழிவு தெரியாதாம்டா" என்றது பின் வரிசை வாங்கிலிருந்து ஒரு குரல். சிரிப்பு எழுந்தது. டீச்சரும் பாதி சிரித்தார். பிறகு அவர் முகம் மாறியது.

"மகள், கொஞ்சம் நில்லுங்க. என்ன கழிவு? எதுல கழிச்சீங்க?"

தர்சினி விழித்தாள். தப்பாக ஏதோ சொல்லிவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது, என்ன தப்பு என்று தெரியவில்லை. டீச்சர் என்னைப் பார்த்தார். "அண்ணே, உங்களுக்குத் தெரியுமா?"

வகுப்பு நடக்கும்போது நான் வாய் திறந்ததே கிடையாது. திரையில் அதிகாரி வேறு. ஆனாலும் சொன்னேன். "மடுவத்துல கொழுந்து நிறுக்கிறப்ப சாக்குக்குன்னு கொஞ்சம் கழிப்பாங்க டீச்சர். மழைன்னா கொழுந்து ஈரமா இருக்கும்ல, அந்தத் தண்ணிக்குன்னு இன்னும் கழிப்பாங்க. மழை கூடுனா கழிவும் கூடும்."

சொல்லும்போதே எனக்கு உறைத்தது. மழை கூடினால் கழிவும் கூடும். அப்படியானால் மிக மோசமான நாளில் மேற்கணக்கின் எண் மிகவும் குறைத்துப் போடப்பட்டிருக்கும்.

டீச்சர் தர்சினியின் அருகில் போனார். குரலை உயர்த்தவில்லை. "இன்னைக்குக் காலையில போத்தல்ல எது வரைக்கும் இருந்திச்சு மகள்? ஒண்ணும் கழிக்காம சொல்லுங்க."

"வாய் வரைக்கும் டீச்சர்."

"வழிஞ்சிருக்குமா?"

"தெரியல டீச்சர். நெறைஞ்சிருந்திச்சு."

"நேத்து?"

"நேத்தும்."

டீச்சர் கணினியில் மேற்கணக்கின் நேற்றைய, இன்றைய கட்டங்களில் போத்தலின் முழு அளவைப் போட்டார். இரண்டும் சுவரில் சிவந்தன. உண்மையான அளவு அதற்கும் மேலே எவ்வளவு என்று ஒருவருக்கும் தெரியாது. நிரம்பிய போத்தலுக்கு அதற்கு மேல் சொல்லத் தெரியாது.

"என்ன டீச்சர், நேரம் போகுது. அடுத்த குழுவைக் கூப்பிடலாமே" என்றார் திரையில் அதிகாரி. அவர் மேல் குறையில்லை. அவருக்குத் தெரிந்தது ஒரு நிறம் மாறியது மட்டும்தான்.

டீச்சர் அதிபரிடம் மெதுவாக, "சேர், மேல இருக்கிற சனங்கள எறக்கணும்" என்றார்.

அதிபர் கெட்ட மனிதரல்ல. ஒருமுறை சூடு கண்டவர். "இது புள்ளைங்க போத்தல் டீச்சர். போன வருசம் இதே லயத்த எழுப்பி ரெண்டு நாள் இங்க வச்சிருந்தேன். ஒண்ணும் நடக்கல. சனங்களுக்கு வேலை நாள் போனதுதான் மிச்சம். இப்பவும் பசறை டவுன்ல என்னக் கண்டா, 'சேர், இன்னைக்கு மலை வருதா'ன்னு கேக்கிறானுங்க. மறுபடியும் ஒண்ணும் நடக்கலன்னா, அடுத்த தடவை நெசமாவே வர்றப்ப ஒருத்தன் எந்திரிக்க மாட்டான்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். ஒரு பக்கம் நியாயமும் மறுபக்கம் முட்டாள்தனமும் இருந்தால் யாரும் முடிவெடுப்பார்கள்.

பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்ளும் ஆயம்மாவிடம் போன் இருந்தது. எனக்குத் தெரிந்தவர். இலக்கமும் எனக்கு மனப்பாடம். மேலே என்ன நிலைமை என்று அவரைக் கேட்டால் தெரிந்துவிடும். ஆனால் என் கையில் இருந்த போன்தான் அந்தக் கூட்டம் முழுவதையும் தாங்கிக்கொண்டிருந்தது. அதிபரின் போனுக்கும் மற்றவர்களுடையதற்கும் அன்று சிக்னலே இல்லை.

"டீச்சர், ஆயம்மாவக் கேட்டா தெரியும். இந்த போன்லதான் எடுக்கணும். எடுத்தா கூட்டம் அறுந்திரும்" என்றேன்.

அவர் திரையைப் பார்த்தார். பண்டாரவளைப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று தவணை உழைப்பு. டீச்சரின் கண் அதில் நின்றதை நான் பார்த்தேன். அதிக நேரமில்லை.

"எடுங்க அண்ணே."

அழைத்தேன். திரையில் எல்லா முகங்களும் அப்படியே உறைந்து, பிறகு மறைந்தன. டீச்சர் போனின் ஒலிபெருக்கியைப் போடச் சொன்னார். குழந்தைகளின் அழுகைக்கு நடுவில் ஆயம்மாவின் குரல் வந்தது.

"யாரு? பள்ளிக்கூடத்துத் தம்பியா? ரெண்டு காலும் ரெண்டு கையும் போதாம நிக்கிறேன், என்னய்யா வேணும்?"

"அக்கா, பின்னால கான்ல தண்ணி எப்படிப் போகுது?"

"இதக் கேக்கவா கூப்பிட்ட? தண்ணி இல்ல. காலையில பொங்கிப் போச்சு. இப்பக் காஞ்சு கெடக்கு."

"மழை விட்டிருச்சா அங்க?"

"விட்டிருச்சா? ஊத்துது. ஓட்டுல விழுற சத்தம் ஒனக்குக் கேக்கலையா?"

மழை ஊற்றுகிறது, மலையிலிருந்து தண்ணீர் வடியும் கானில் தண்ணீர் இல்லை. முன் வாங்கில் இருந்த ஒரு பிள்ளை மெதுவாகச் சொன்னாள். "டீச்சர், நம்ம சுவரொட்டில மூணாவது." எல்லோரும் சுவரைப் பார்த்தோம். அவர்களே கேட்டு எழுதி, படம் வரைந்து ஒட்டியது. ஓடிக்கொண்டிருந்த நீர் காரணமில்லாமல் நின்றால், அது மண்ணுக்குள் இறங்குகிறது என்று எழுதியிருந்தது. அதிபரும் படித்தார்.

"அக்கா, புள்ளைங்களத் தூக்கிக்கிட்டு கோயில் மேட்டுக்குப் போங்க. இப்பவே" என்றேன்.

"தொரை சொன்னாரா? கணக்கப்பிள்ளை சொன்னாரா? நீ சொல்லி நான் புள்ளைங்கள மழையில நனைச்சா, அந்திக்கு அவங்க அம்மாமாருக்கு நீயா வந்து பதில் சொல்லுவ?"

ஆயம்மாவை எழுப்பக்கூடிய பேச்சு என்னிடம் கிடையாது, நான் யார்? போனைப் பிடித்திருக்கிறவன். போனை அதிபரிடம் நீட்டினேன். அதிபர் ஒரு கணம் போனைப் பார்த்தார். பிறகு வாங்கிக்கொண்டார்.

"நான் அதிபர் பேசுறேன் ஆயம்மா. கணக்கப்பிள்ளைகிட்ட நான் சொல்லிக்கிறேன். தாய்மாருக்கும் நான் பதில் சொல்றேன். ஒங்க மேல ஒரு சொல் வராது. கான் பக்கம் போகாம கோயில் மேட்டுக்கு ஏறுங்க. லயத்துல இருக்கிற கெழடு கட்டைகளையும் சத்தம் போட்டுக் கூட்டிக்கிட்டுப் போங்க."

"சேரா?" என்றார் ஆயம்மா. அவ்வளவுதான். அடுத்து, "ஏய், அந்தப் புள்ளயத் தூக்கு" என்று யாரையோ அதட்டும் சத்தம் கேட்டது.

அந்த நேரம் தர்சினி கதவை நோக்கி ஓடினாள். நான் குறுக்கே நின்றேன். "தம்பி அங்க இருக்கான், விடுங்க மாமா" என்று என் நெஞ்சில் இரண்டு கையாலும் இடித்தாள். மேலே போகும் பாதை அந்தச் சரிவின் அடியில்தான் போகிறது. நான் விடவில்லை. அவள் என் சட்டையைக் கிழித்தாள், அடித்தாள், கடைசியில் என் காலடியில் உட்கார்ந்து அழுதாள். என் வேலை நாட்களில் கடினமானது எது என்று கேட்டால் அந்தக் கதவில் நின்றதுதான். தம்பியைத் தேடிப் போகும் அக்காவைத் தடுக்க எனக்கு என்ன உரிமை என்று உள்ளே ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தது.

அதிபர் அதே போனில், மலையில் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளைக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் பேசினார். கணக்கப்பிள்ளை மறுக்கவில்லை. வேலையை நிறுத்தச் சொல்லி மலையில் கொம்பு ஊதியது எங்களுக்குக் கேட்டது. பெண்கள் கூடையை அங்கங்கே போட்டுவிட்டுக் கோயில் மேட்டுக்கு ஏறினார்கள். அங்கிருந்து சுற்று வழியில் பள்ளிக்கூடத்துக்கு வர மதியமாகிவிட்டது.

கொழுந்துச் சாக்கைத் தலைமேல் போட்டுக்கொண்டு, குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு தர்சினியின் அம்மா வந்தார். மகள் ஓடிப்போய்த் தம்பியை வாங்கிக்கொண்டாள். வந்தவர்கள் எல்லோரும் மண்டபத்தில் நனைந்தபடி முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். "மலை வருதாம்ல, டிக்கெட் எடுத்துட்டு வருதாக்கும்" என்றார் ஒரு தாத்தா. அதிபர் அது காதில் விழாததுபோல் பிளேன்டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

டீச்சர் தர்சினியின் அம்மாவிடம் போய் உட்கார்ந்தார். நடந்ததைச் சொன்னார்.

"நாந்தான் கழிக்கச் சொன்னேன் டீச்சர்" என்றார் அந்த அம்மா. "வீடியோவுல நீங்க பார்த்தத எழுதச் சொன்னீங்க. இவ முழுசா எழுதப் போனா. அப்படியே எழுதுனா யாருடி நம்புவா, கழிச்சு எழுதுன்னு சொன்னேன். மடுவத்துல நாங்க கொண்டுபோறத என்னைக்கு அப்படியே எழுதியிருக்காங்க? கூடச் சொன்னா புள்ளைக்குத்தான் கெட்ட பேருன்னு நெனச்சேன்."

டீச்சர் அந்த அம்மாவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் மேல வந்து காட்டியிருக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

மழை கொஞ்சம் தணிந்தபோது, வீட்டுக்குப் போகலாம் என்று சிலர் எழுந்தார்கள். தாத்தா செருப்பையும் மாட்டிவிட்டார். அதிபர் வாசலில் நின்று, விடியும்வரை இருங்கள் என்று கெஞ்சினார். அப்போதுதான் அது வந்தது. பெரிய சத்தமில்லை. லொறியில் கல் கொட்டுவது போல ஒரு இரைச்சல், பிறகு மண் வாசம். மேற்கணக்குப் பக்கம் மலையில் ஒரு சிவப்புக் கீறல் விழுந்திருந்தது. பிள்ளைக்காம்பராவும் லயத்தின் பின்பக்கக் குசினிகளும் அதற்குள் போயிருந்தன. உள்ளே ஒருவரும் இல்லை. ஆயம்மா மண்டபத்தில் இருந்த குழந்தைகளை ஒன்றொன்றாகத் தலையைத் தொட்டு எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு மறுபடியும் எண்ணினார். தாத்தா செருப்பைக் கழற்றி வைத்தார்.

அறுந்துபோன கூட்டத்தை டீச்சர் பிறகு வேறொரு நாளில் நடத்தி முடித்தார். பண்டாரவளைப் பையன் முதல் வேலையாக, "அந்த அக்காவோட தம்பி எப்படி?" என்று கேட்டான். தர்சினி தம்பியை வகுப்புக்கே தூக்கி வந்து திரையில் காட்டினாள். சொந்த இணைய இணைப்பு எங்களுக்கு இன்னும் வரவில்லை. ஜன்னல் மூலையில் இனி உங்களில் ஒருவர் நிற்பீர்கள்.

நிற்கும்போது ஒன்றை மனதில் வையுங்கள். அட்டவணையில் நிறம் மாறுவதை எல்லோரும் பார்ப்பார்கள். அந்த எண்ணை யார், எந்த வாசலில் குனிந்து பார்த்து, யாருக்குப் பயந்து எழுதினார்கள் என்பது அதில் தெரியாது. அதைக் கேட்க ஒரு டவுன் பையன் வர வேண்டியிருந்தது. நானும் இந்தக் கழிவோடு வளர்ந்தவன் என்பதால்தான் என் காதுக்கு அது கேட்கவில்லை. உங்கள் பள்ளிக்கூடத்தில் எது அப்படிக் கேட்காமல் போகிறது என்று எனக்குத் தெரியாது. விளங்காதவர்களைக் கேட்க விடுங்கள். பிள்ளைகள் சிரித்தாலும் விடுங்கள்.

மேற்கணக்குக் குடும்பங்கள் இப்போது கீழே விளையாட்டு மைதானத்தை ஒட்டித் தற்காலிக வீடுகளில் இருக்கிறார்கள். புதுப் போத்தலை அங்கே வைத்திருக்கிறோம். டீச்சர் நேரில் வந்து வைத்தார். தர்சினியின் அம்மாவும் குனிந்து பார்க்கிறார். சில நாட்களில் மகளுக்கு முன்பே அவர் எழுந்துவிடுகிறார்.

அட்டவணையில் தேதிக்குத்தான் முதல் கட்டம். இந்தத் தாளில் தேதியை நான் கடைசியில் போடுகிறேன். இன்று காலை வழியில் நின்று நானும் எட்டிப் பார்த்தேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்ததில், போத்தலில் இரண்டு கோடு தண்ணீர் தெரிந்தது. "ரெண்டு கோடு அண்ணே, ரெண்டுன்னே எழுதிட்டேன்" என்றார் அந்த அம்மா.

மாட்டுப்பொங்கல் நாள்.